நகப்பூச்சு வைத்த கல்

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவளைப் பூச்சி மேடம் என்பார்கள். அவள் அண்ணன் மேடத்தை வெட்டிவிட்டு வெறும் பூச்சி என்பான். ஆற்றில் இறங்கி, கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இளம்பூச்சிகளை எண்ணுவதுதான் வேலை என்றால் வேறு என்ன பெயர் கிடைக்கும்? தண்ணீர் கெட்டால் முதலில் சாவது அவைதான். அவை உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். பூச்சி பொய் சொல்லாது என்று அவள் யாரிடமும் அடித்துச் சொல்வாள். மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல அவளுக்கு இதுவரை வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மனிதர்களின் லட்சணத்தைத்தான் பார்க்கிறோமே. காகித ஆலையின் கழிவுக்குழாய் ஆற்றில் விழும் இடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது, ஆலையின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பாட்டிலின் முத்திரைச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் சாட்சியாகச் செல்லாது. ஆள் வர வேண்டுமானால் முந்தின நாளே போன் பண்ண வேண்டும். போன் பண்ணிவிட்டால் மறுநாள் குழாயில் கொட்டுவது குழந்தையைக் குளிப்பாட்டலாம் போன்ற தண்ணீர். அலுவலக வண்டி முதுகைக் காட்டிய பிறகு கொட்டுவது வேறு. ஊருக்கே தெரிந்த விஷயம் விதிக்கு மட்டும் தெரியாது. மடிப்புக் கலையாத பேன்ட்டில் வந்து நின்று கையெழுத்துப் போடும் அந்த ஆள் வேறு யாருமல்ல, அவள் அண்ணன்.

ஆனால் பூச்சிக்கு யார் போன் பண்ண முடியும்? குழாய்க்குக் கீழே ஒவ்வொரு முறையும் அவள் வெறும் கல்லைத்தான் புரட்டினாள், வெறும் கல் என்றுதான் எழுதினாள். கழிவை இரண்டு மடங்கு விட அனுமதி கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்த ஆலைக்கு அது தொண்டையில் மாட்டிய முள். இந்த முறை பூச்சி இருந்தால் அனுமதி உண்டு, இல்லையென்றால் கிடையாது.

இந்த முறை பூச்சி இருந்தது.

முதல் கல்லைப் புரட்டியதுமே அவள் முகம் தண்ணீரைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள். மணல் துகள்களை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள், வால் மூன்றாகப் பிரிந்த இளம்பூச்சிகள், ஒன்றா இரண்டா! கரையில் அண்ணனோடு நின்று பாட்டிலை மூடிக்கொண்டிருந்த ஆய்வகத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஆறு பொழச்சிருச்சு போலிருக்கே மேடம்!”

அவளும் பைத்தியம் மாதிரி சிரித்தாள். அடுத்த கல்லிலும் இருந்தது. அதற்கடுத்த தட்டைக் கல்லைப் புரட்டியபோது சிரிப்பு அப்படியே உறைந்தது. கல்லின் வயிற்றில், கூடுகளுக்கு நடுவே, கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு நகப்பூச்சு.

அவள் வைத்த பொட்டு. ஆலைக்கு மேலே, ஆறு வளையும் இடத்தில்தான் ஆறு இன்னும் ஆறாக இருந்தது. அங்கே ஒருமுறை புரட்டிய கல்லை அந்தப் பருவத்தில் மறுபடி தொந்தரவு செய்யக்கூடாது என்று அடியில் அடையாளம் வைப்பாள். கேட்ட பெயின்ட் அலுவலகத்திலிருந்து வரவே இல்லை. மகளின் நகப்பூச்சைத் திருடினாள். “அம்மா, ஆத்துக்கெல்லாமா நகப்பூச்சு போடுவாங்க?” என்று வீட்டில் ஒரு ரகளையே நடந்தது.

அந்த வளைவை யார் காட்டிக்கொடுத்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அவள்தான் காட்டினாள். “நல்ல பூச்சியெல்லாம் எங்க இருக்கும், எனக்கும் ஒரு நாள் காட்டேன்” என்று போன மாதம் அண்ணன் கேட்டான். இத்தனை வருடத்தில் அவள் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. வாயெல்லாம் பல்லாகக் கூட்டிப் போனாள்.

“சார், நீங்க வண்டிய எடுத்துட்டுக் கிளம்புங்க. ஒரு பாட்டில், ஐஸ் பெட்டி, முத்திரைச் சீட்டு மட்டும் விட்டுட்டுப் போங்க.”

“என்ன மேடம், குடும்ப விஷயமா?” என்றார் அவர், அண்ணனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி.

“ஆமா சார். குடும்ப விஷயந்தான்.”

வண்டி போனது. அவள் கல்லைக் கொண்டுபோய் அண்ணன் கையில் வைத்தாள்.

“திருப்பிப் பாரு.”

பார்த்தான். முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை.

“ஆத்துக் கல்ல ஆத்துலயே போட்டோம். இதுல என்ன குத்தம் வந்துருச்சு பூச்சி?”

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வளைவுவரை நடந்தாள். கல் இருந்த இடமெல்லாம் குழி. கலங்கிய சேறு. புதர் ஓரத்தில் ஆலையின் பெயர் போட்ட வாளிகள், எடுத்துப்போகக்கூடத் தோன்றாமல்.

“உயிரோட இருந்தது இந்த ஒரு இடம்தான். இதைப் பிடுங்கிட்டுப் போய்ச் சாகற இடத்துல வச்சிருக்கீங்க. நான் அந்தப் பக்கம் போனதும் தொறந்து விடுவீங்க. இருட்டறதுக்குள்ள எல்லாம் செத்துரும். நல்ல இடமும் போச்சு. உனக்கு வெக்கமா இல்ல?”

“மேல இருக்கறவங்க சொன்னா நான் என்ன பண்றது?”

“எடத்த அவங்களுக்குக் காட்டினது யாரு? மேல இருக்கறவங்களா?”

அவன் போன் அடித்தது. ஆலையிலிருந்து. பரிசோதனைக்காரர்கள் போய்விட்டார்களா, திறக்கலாமா என்று கேட்பார்கள்.

“இன்னும் கிளம்பலன்னு சொல்லு” என்றாள். குரலில் தங்கை இல்லை. சொன்னான். “இப்ப வாளிய எடு.”

இரண்டு பேரும் குழாய்க்குக் கீழே கிடந்த கற்களைத் தண்ணீரோடு வாளியில் அள்ளி, மேலே கொண்டுபோய்க் குழிகளில் ஒவ்வொன்றாக உட்கார வைத்தார்கள். மடிப்புப் பேன்ட் இடுப்புவரை சேறானது. பாதிப் புழுக்கள் வழியிலேயே உதிர்ந்தன. உதிர்ந்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசிக் கல்லை வைத்துவிட்டுக் குழாயடிக்குத் திரும்பினார்கள். அவள் பாட்டிலோடு தண்ணீரில் இறங்கி நின்றாள்.

“இப்ப போன் பண்ணு. கிளம்பிட்டாங்கன்னு சொல்லு.”

அவன் அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். எதற்கென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. நம்பரை அழுத்தி, “கிளம்பிட்டாங்க, தொறங்க” என்று முனகினான்.

கொஞ்ச நேரத்தில் குழாய் செருமியது. பழுப்பாக, நுரை தள்ளிக்கொண்டு, அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்து அவள் முழங்காலில் சுடச்சுட மோதியது. அவள் பாட்டிலை நிரப்பி மூடினாள், முத்திரைச் சீட்டை ஒட்டினாள், பேனாவை நீட்டினாள்.

“போடு. ஆலையோட ஆள் கூட நிக்கணும்ல? நிக்கறியே.”

“என் வேலை போயிரும் பூச்சி. நீ என் தங்கச்சிதானே?”

“அது வீட்டுல. இங்க நான் பூச்சி மேடம்.”

அவன் போட்டான். மை ஈரத்தில் கலைந்துவிடாமல் இருக்க, அவள் அது காயும்வரை ஊதிக்கொண்டே நின்றாள்.