பத்து மூச்சு

பாலையூற்றில் காசிநாதர் வீட்டுப் பாயில் துறைமுகமே குப்புறப் படுத்தெழும்பும் என்பார்கள். நோவுக்கு எண்ணெய் போட்டு உருவுவது அந்தக் குடும்பத்துக்கு மூன்று தலைமுறைப் பேர்.

வெள்ளைக்காரக் கடற்படை போன அடுத்த வருஷம், அவர்களுடைய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த றொபேட் கடற்கரை வீதியில் ஆட்களைப் படுக்கவைத்து உருவ ஒரு மரவாங்கு போட்டான். எண்ணெய்க்குப் பதில் பவுடர். காசிநாதர் மேலிருந்து கீழே உருவினால், அவன் காலிலிருந்து நெஞ்சுப் பக்கமாக உருவினான். மூட்டை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராக அங்கே திரும்பினார்கள். பன்னிரண்டு வருஷம் இவர் பாயில் படுத்தெழும்பிய மஹ்ரூபும் போனான். அன்றிரவு காசிநாதருக்குச் சோறு இறங்கவில்லை.

பொறாமைக்கு முதுகெலும்பில்லை; அவருக்கு இருந்தது. அது ஒருநாள் கிணற்றடியில் பிடித்துக்கொண்டது. தன் இடுப்பைத் தானே உருவ ஏலாது.

"பிடிவாதத்துக்கு எண்ணெய் இல்லை, அண்ணன். வாங்க," என்று மஹ்ரூப் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான்.

'கள்ளன் எப்படிச் செய்கிறான் என்று பார்த்துவிட்டு வருவம்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு காசிநாதர் வாங்கில் குப்புறப் படுத்தார்.

றொபேட் உடனே உருவவில்லை. உள்ளங்கையை அவர் இடுப்பில் வைத்து அசையாமல் இருந்தான்.

"என்ன, நித்திரையோ? இதுவும் வெள்ளைக்காரன் பழக்கினதோ?"

"இல்லை ஐயா. உருவுறதுதான் அவங்கள் பழக்கினது. இது உங்கட அப்பு பழக்கினது. செவ்வாய்க்கிழமையில ஆஸ்பத்திரிக்கு வருவார். 'பத்து மூச்சுக்குக் கையை வை, நோ தானே இடத்தைக் காட்டும்' எண்டு சொல்லுவார்."

செவ்வாய்க்கிழமைகளில் தகப்பன் சல்லி அம்மன் கோயிலுக்குப் போவதாகத்தான் வீட்டில் சொல்லுவார். வெள்ளைக்காரன் உடம்பில் கை வைப்பது குடும்பத்துக்கு இழுக்கு என்றவரும் அவரே.

"ஐயாவுக்கும் சொல்லித் தந்திருப்பாரே?"

"ஓம்."

அவருக்கு அப்பு சொன்னது வேறு. 'உன்ர கை அவசரக் கை. நீ உருவு, அது போதும்.'

றொபேட்டின் கட்டைவிரல் சரியாக நோவின் மேல் இறங்கியது. வாங்கு விளிம்பைப் பிடித்திருந்த காசிநாதரின் விரல்கள் வெளுத்தன.

"நோகுதோ?"

"இல்லை."

இடுப்பு இரண்டாம் நாளே நிமிர்ந்துவிட்டது. அதுவும் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை அவரே ஆளனுப்பி மஹ்ரூபைக் கூப்பிட்டு, சும்மா, பாயில் படுக்க வைத்தார். தோளில் உள்ளங்கையை வைத்து மூச்சை எண்ணத் தொடங்கினார்.

"என்ன அண்ணன், உருவல்லையா?"

"பேசாமல் கிட."

நாலாவது மூச்சில் அவருடைய கை தானாக நகர்ந்தது.