அக்கா கேட்ட சூப்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பதறுகிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அக்காவுக்கு எந்தச் சாப்பாட்டு வாசனையும் ஆகவில்லை. நாளைக்குள் ஏதாவது உள்ளே போகாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஊட்டவேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பயத்திலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"கோழி சூப் வச்சுக் குடுக்கிறியா?" என்று போனில் கேட்டாள். இத்தனை நாளில் அவளாக வாய் திறந்து கேட்டது அதுதான். எங்கள் வீட்டில் முந்தின நாள் சுட்ட முழுக்கோழியில் பாதி மிச்சம் இருந்தது. எலும்போடு பொட்டலம் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

கறியைப் பிய்த்துத் தனியே வைத்தேன். எலும்பை உடைத்து, கருகின தோலோடு வெங்காயம், கேரட், இஞ்சி, மிளகு எல்லாம் சேர்த்து, பெரிய பாத்திரத்தில் சிறு தீயில் கொதிக்கவிட்டேன். மிதந்த கொழுப்பைக் கரண்டி கரண்டியாக எடுத்தேன். கடைசியில் கறியைப் போட்டதும் வீடே மணத்தது. "ஆயிடுச்சா?" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா புருஷன், என் மாமா, சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர். நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். தங்கமான மனுஷன்தான், ஆனால் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை.

"நான் வடிச்சு எடுத்துட்டு வர்றேன். நீ போய் அவள உக்கார வை" என்றார். நானும் புத்தி கெட்டுப்போய்ச் சரி என்றேன்.

அக்காவின் முதுகுக்குத் தலையணை வைக்கும்போது, பாத்திரம் கழுவும் தொட்டி களக் களக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அடித்துப்பிடித்து ஓடினேன்.

மாமா வடிகட்டியை இரண்டு கையாலும் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். அதில் எலும்பும் கேரட்டும் வெந்த கறியும் கிடந்தன. கீழே பாத்திரம் எதுவும் இல்லை. பட்டறையில் துணி வெந்ததும் சாயத்தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு, துணியைத்தான் உதறி எடுப்பார்கள்.

"மாமா, சூப் எங்க?"

தொட்டியைப் பார்த்தார். வடிகட்டியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கை அது பாட்டுக்கு..."

"கை அது பாட்டுக்குப் பண்ணும்னா தலை எதுக்கு, தொப்பி மாட்டவா? அவ மூக்குல குழாய் ஏறினாத்தான் உங்களுக்குத் திருப்தியா?" வாய்க்கு வந்தபடி திட்டினேன். மாமா கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவர் அழுது நான் பார்த்ததே கிடையாது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

திரும்பினால், சுவரைப் பிடித்தபடி அக்கா நிற்கிறாள். கட்டிலை விட்டுத் தானாக இறங்கி எவ்வளவோ நாளாயிற்று. அவர் கையில் இருந்ததையும் காலித் தொட்டியையும் பார்த்தாள். யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"என்ன, துணி நல்லா வெந்திருக்கா?" என்று மாமாவைக் கேட்டாள்.

வடிகட்டியிலிருந்து ஒரு துண்டுக் கறியை எடுத்து வாயில் போட்டாள். வாந்தி வரும் என்று நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போனேன். மெதுவாக மென்றாள். விழுங்கினாள். மூன்று பேரும் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

மறுபடி கையை நீட்டினாள்.

"கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க. எட்டல."