பக்கத்து நாற்காலிக்குத் தூதரகம்

வானொலியில் நாள்தோறும் சமாதானப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம். மலைநாட்டு நோர்வூட்டில் மஃறூப் நானாவின் கொம்பியூட்டர் கடையில், ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியர்களான அழகுமுத்துவும் கிருஷாந்தனும் ஒரு போர் விளையாட்டில் ஆளுக்கொரு நாட்டை ஆண்டுவந்தார்கள். இருந்தது ஒரே இயந்திரம், அதன் முன்னால் இரண்டு நாற்காலி. ஒருவர் உட்கார்ந்து ஊர் கட்டி, பாதை போட்டு, பீரங்கி செய்து முடிக்கும்வரை மற்றவர் வெளியே நின்று பால் விடாத பிளேன்ரீ குடிப்பார். எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி, பேசாமலே விளையாடலாம். கொஞ்ச நாளாக இருவரும் பேசுவதில்லை.

அழகுமுத்துவின் தங்கை கலியாணத்துக்குப் பள்ளிக்கூடமே தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. அதிபர்கூடத் தொழிலாளர் லயத்து வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார். கிருஷாந்தன் மட்டும் வரவில்லை. மற்ற எல்லாருக்கும் அழகுமுத்து வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்திருந்தான். இவருக்கு வைக்கவில்லை. வீட்டு ஆளுக்கு யாராவது பத்திரிகை வைப்பார்களா? பந்தியில் பரிமாற முதலில் சொல்லிவைத்திருந்ததே இவர் பெயரைத்தான். யாழ்ப்பாணத்து ஆள், லயம் என்றதும் கசந்துவிட்டது என்று முடிவுகட்டினான். அடுத்த ஆட்டத்திலேயே எல்லையில் பீரங்கிகளைக் குவிக்கத் தொடங்கினான்.

இப்போது கிருஷாந்தனுக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்துவிட்டது. இதுதான் கடைசி ஆட்டம். அவர் போவதற்குள் அவருடைய தலைநகரத்தைப் பிடித்துவிட்டால் நெஞ்சு ஆறும் என்று அழகுமுத்து உறுதியாக நம்பினான். உள்ளே எவ்வளவு படை என்று தெரிய அங்கே ஒரு தூதரகம் வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரரிடம் தூதரகம் எதற்கு என்று நினைத்து அவன் இதுவரை கேட்டதே இல்லை. இன்று திரையிலேயே கேட்டான். கிருஷாந்தன் தன் முறை வந்ததும் சம்மதம் கொடுத்துவிட்டு எழுந்துபோனார்.

தூதரகம் திறந்தது. தலைநகரத்தில் கோயில் இருந்தது, சந்தை இருந்தது, நூலகம் இருந்தது. படை என்று ஒருவன்கூட இல்லை.

அழகுமுத்து வெளியே வந்தான்.

"சேர், உங்க தலைநகரத்துல காவலுக்கு ஒரு ஆள்கூட இல்லயே."

"அது உம்மட பக்கமெல்லோ," என்றார் கிருஷாந்தன், கோப்பையைப் பார்த்தபடி. "அங்க என்னத்துக்குக் காவல்?"

அழகுமுத்துவை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவனுடைய பீரங்கிகள் முழுவதும் அந்தப் பக்கம்தான் நின்றன.

"அப்ப தங்கச்சி கலியாணத்துக்கு ஏன் சேர் வரல?"

கிருஷாந்தன் தேநீரை ஊதினார்.

"புது வேட்டி வாங்கி வச்சிருந்தனான். காலமையே உடுத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் வழி பாத்துக்கொண்டிருந்தனான். நீர் கூப்பிடேல்லயே."