மணலில் ஓடும் பெட்டி

வெயிலில் காய்ந்து கிடந்த தகரக் கூரைக்குக் கீழே, மாடு கட்டாத கொட்டகையில், கலைமணி அந்த நீலப் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் முகப்பில் 4 என்ற எண் எரிந்தது. காலையிலும் நான்கு, பத்து மணிக்கும் நான்கு, இப்போது உச்சி வெயிலிலும் நான்கு டிகிரி. வீட்டுக்குள் கரன்ட் இருந்தது, ஃபேன் இருந்தது. அங்கே வைத்திருந்தால் அந்தச் சின்ன ஃபிரிட்ஜ் சொகுசாக ஓடியிருக்கும். ஆனால் கொள்ளிடத்து மணலில் ப்ளக் கிடையாது. அதனால்தான் வீட்டைச் சுற்றி எந்த இடம் அதிகம் கொதிக்கிறது என்று பார்த்து அங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பேட்டரி. வெளியே வெயிலில், இரண்டு செங்கல்லில் சாய்த்து நிறுத்திய சோலார் பேனல்.

வாசலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் அறிவரசன் தலையைத் தூக்காமலே கேட்டான். "என்னா சொல்லுது?"

"நாலு."

"மூணு நாளும் நாலே நின்னாலும் அண்ணன் ஒத்துக்கணும்ல?"

"பொட்டி ஒத்துக்கட்டும் மொதல்ல. ஒங்கண்ணன நான் பாத்துக்குறேன்."

ஒவ்வொரு வருஷமும் ஆற்றில் ஓட்டம் நின்று, தண்ணீர் மடு மடுவாகத் தேங்கும் காலத்தில் அவர்கள் மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். அறிவரசன், அவனுடைய அண்ணன் அரியமுத்து, கலைமணி. திருமானூர்ப் பக்கம் ஒரு மடுவில் தொடங்கி அணைக்கரை வரைக்கும், இங்கே நான்கு நாள், அங்கே ஐந்து நாள் என்று தார்ப்பாயைக் கட்டித் தங்கி வலை போடுவார்கள். ஊர் திரும்ப இருபத்தைந்து நாளாவது ஆகும். வலையை விடுவதும் இழுப்பதும் ஆண்கள் வேலை. எங்கே விடுவது என்று சொல்வது கலைமணி. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் சேற்றைத் துழாவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்பாள். "இங்கன கெளுத்தி கெடக்கு" என்பாள். கிடக்கும். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளுடைய அம்மா ஆண்டாயி காலமெல்லாம் தா.பழூர்ப் பக்கத்து வயல்களில் அடுத்தவர் வரப்பில் நின்று அடுத்தவர் நாற்றை நட்டவள். வரப்பே இல்லாத ஓர் இடம் உண்டு, அங்கே யாரும் தன்னைக் கரையேறச் சொல்ல முடியாது என்பதைக் கலைமணி கல்யாணமாகி வந்து முதல்முறை ஆற்றில் இறங்கிய அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரைக்கு அடங்காமல் ஊசியில் கொண்டுவந்து விட்டது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வீட்டில் இருக்கும்வரை அதுவும் பல் விளக்குவதுபோல ஒரு வேலை, அவ்வளவுதான். ஆற்றங்கரையில்தான் சிக்கல். மீனை எடுத்துப் போக ஒரு வியாபாரி தினமும் காலையில் ஐஸ் பெட்டியோடு கரைக்கு வருவார். மீனுக்குக் குளிர் இருந்தது, அவள் மருந்துக்கு இல்லை. ஐஸில் புதைத்து வைத்த மருந்து உறைந்துபோனது. உறைந்தால் பிறகு அது மருந்தே இல்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அடுத்த குப்பியை மண்பானையில் வைத்து ஈர மணலில் பதித்தாள். போன வருஷத்து அக்கினி வெயிலில் அந்த மணலே அடுப்பாக இருந்தது. மருந்து கெட்டது தெரியாமல் நாலு நாள் போட்டுக்கொண்டாள். ஐந்தாம் நாள் காலையில் தண்ணீருக்குள் நின்றபடியே கண் இருட்டியது. அண்ணனும் தம்பியும் தார்ப்பாயில் போட்டு, ஒரு மைல் மணலில் அவளைச் சுமந்து கரையேற்றினார்கள்.

பிழைத்து வந்தபிறகு அரியமுத்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "இனிமே நீ வூட்டுல இரு. மணல்ல பொணந்தூக்க என்னால ஆவாது." அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். ரத்தமெல்லாம் வற்றிய முகத்தோடு, பயந்துபோய்ச் சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது?

பதிலை அவள் ஆலத்தியூரில் சிமென்ட் லாரி ஓட்டிய தன் தம்பி முத்தமிழ்செல்வனிடம் கண்டுபிடித்தாள். அவன் லாரி வேலையை விட்டு ஊரோடு வந்தபோது கேபினில் வைத்திருந்த நீலப் பெட்டி வீட்டு மூலையில் சும்மா கிடந்தது. பேட்டரியிலேயே ஓடுகிற ஃபிரிட்ஜ். கேட்டதும் கொடுத்துவிட்டான். "ஆனா ஒண்ணுக்கா. லாரி ஓடிக்கிட்டே இருக்கும், பேட்டரி ஏறிக்கிட்டே இருக்கும். மணல்ல எது ஓடும்?"

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழனிவேலின் பேட்டரிக் கடைக்குப் போனாள். ஒரு மாதத்தில் ஆறு முறை. முதல் தடவை பழனிவேல், "வூட்டுல ஆம்பளைங்க யாரயாச்சும் வரச்சொல்லுங்கம்மா, புரியும்படி சொல்லுறேன்" என்றார். "எனக்குப் புரியறவரைக்கும் சொல்லுங்க, நான் எங்கயும் போவல" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பெட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு கரன்ட் குடிக்கும், பேட்டரி எவ்வளவு தாங்கும், பேனல் எவ்வளவு கொடுக்கும் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். வெயில் இல்லாமல் இரண்டு நாள் தாங்குகிற பேட்டரி, ஒரு நாள் வெயிலில் அதை நிரப்புகிற பேனல். நாலாவது தடவை போனபோது டீ வந்தது.

ஆனாலும் முதல் சோதனை தோற்றது. பேனலும் பேட்டரியும் வெயிலில், பெட்டி கொட்டகைக்குள், நடுவில் நீளமாக ஒரு வயர். பேட்டரி நிறைந்துதான் இருந்தது. பெட்டி உறுமித் தொடங்கும், அரை நிமிஷத்தில் அணைந்துபோகும். பழனிவேல் போனிலேயே சிரித்தார். "மோட்டார் தண்ணிய ஒல்லிக் குழாயில ரொம்ப தூரம் கொண்டுபோனா கடைசீல என்னா வரும்? சொட்டும்ல? பேட்டரிய பொட்டிக்குப் பக்கத்துல வைங்க, தடிச்ச வயரா போடுங்க. நீளத்த பேனல் பக்கம் வச்சுக்குங்க." அப்படியே செய்தாள். அதன்பிறகு பெட்டி நிற்கவே இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம் அரியமுத்து வந்தார். கொட்டகைக்குள் குனிந்து அந்த நான்கைப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார். வெளியே எடுத்த கையைச் சும்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழ பேஞ்சா?"

"ரெண்டு நாள் தாங்கும் மாமா."

"மூணாவது நாள்?"

"மூணாவது நாள நான் தாங்குறேன்."

அவர் மூடியைச் சாத்திவிட்டுப் போனார். மறுநாள் விடியற்காலையில் அவர் வலையையும் தார்ப்பாயையும் வண்டியில் ஏற்றியபோது, கலைமணி தன் பெட்டியையும் ஏற்றினாள். யாரும் இறக்கவில்லை.

கரையிலிருந்து மடுவுக்கு மணலில் நடந்துதான் போக வேண்டும். பேட்டரியைக் கயிற்றில் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டு, ஒரு முனையை அறிவரசனும் மறுமுனையைக் கலைமணியும் தோளில் வைத்துக்கொண்டார்கள். முதல் மடு, இரண்டாவது மடு, இரண்டிலும் எல்லாம் சொன்னபடி நடந்தது. வெயில் ஏற ஏற அவள் பேனலைத் திருப்பி வைப்பாள். பெட்டிக்குள் காலியிடம் இருந்தால் குளிர் நிற்காது என்று தண்ணீர் பாட்டில்களை அடைத்து, நடுவில் துணி சுற்றிய மருந்தை வைத்திருந்தாள். காலையும் ராத்திரியும் இரண்டே தடவைதான் மூடி திறக்கும். "ஒரு வாய் ஜில்லுன்னு குடு புள்ள" என்று அறிவரசன் கெஞ்சியும் கொடுக்கவில்லை. பகலெல்லாம் தண்ணீரில் நின்றாள். கெளுத்தியும் கெண்டையும் போன வருஷத்தைவிட அதிகம் விழுந்தன. வியாபாரி இரண்டாவது ஐஸ் பெட்டி கொண்டுவரத் தொடங்கினார்.

மூன்றாவது மடுவில் கோடை மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் சாயங்காலம் இடித்துக் கொட்டியது. அடுத்த இரண்டு நாளும் மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தாலும் வானம் மட்டும் திறக்கவே இல்லை. பேட்டரியின் சார்ஜைக் காட்டும் பலகையில் நான்கு கட்டங்களில் மூன்று அணைந்தன. அவள் போன் சார்ஜ் போடுவதை நிறுத்தினாள், விளக்கை நிறுத்தினாள். காற்று போகிற துவாரத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெட்டியைப் போர்வையால் சுற்றினாள். காற்று குளிர்ந்த நேரத்தில் பெட்டியை நிறுத்திவிட்டு, எண் எட்டைத் தொடும்போது மட்டும் ஓடவிட்டாள். இப்படி ஓட்டினால் மூன்றாம் நாளையும் தாண்டிவிடலாம் என்பது அவள் கணக்கு.

கணக்கு பிசகியது. வெயில் இல்லாத மூன்றாம் நாள் விடிந்ததும் பார்த்தால் எண் பதினொன்றில் நின்றது. கடைசிக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. மூடியின் கொக்கி சரியாக விழவில்லை. யாரோ திறந்திருக்கிறார்கள். தண்ணீருக்குத்தான் என்று நினைத்து, பொங்கி வந்த கோபத்தோடு உள்ளே பார்த்தாள். பாட்டில் எதுவும் குறையவில்லை. அடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அவள் வைக்காதது. பைக்குள் பிரிக்காத மருந்து ஒன்று. அவள் போடுகிற அதே மருந்து. மடித்து வைத்த ஆஸ்பத்திரிச் சீட்டில் அரியமுத்து, வயது 52.

அறிவரசன் வலையைப் பார்க்கப் போயிருந்தான். அரியமுத்து தார்ப்பாய்க்கு வெளியே கல்லில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலைமணி பையை அவர் முன்னால் மணலில் வைத்தாள்.

"எத்தன நாளா இருக்கு ஒங்ககிட்ட?"

"பொங்கலுக்கு முன்னாடி குடுத்தாங்க."

"எங்க வச்சிருந்தீங்க?"

"பரண்ல. எம் பொண்டாட்டிக்குத் தெரிய வேணாம்னு."

"ஒரு ஊசியாச்சும் போட்டீங்களா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. "இந்த வருஷம் நீ வர வேணாம்னுதான் நெனச்சேன். அப்ப இது பரண்ல இருந்துச்சு. ஒன்னய சொன்ன வாய் என்னயும் சொல்லும்ல? ஊசி போடுற ஆளு மணலுக்கு எதுக்குன்னு. ஒம் பொட்டி பதினாலு நாளா நிக்காம ஓடுனத பாத்தேன். சரி, நம்மளுதும் உள்ள கெடக்கட்டும்னு…"

கலைமணிக்கு எதையாவது ஓங்கி உடைக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு வருஷம் அவள் வாசலில் உட்கார்ந்து அழுதது இந்த மனிதனின் பயத்துக்காகவா? ஆனால் அவர் காலில், சிப்பி கிழித்துப் பத்து நாளாகியும் ஆறாமல் ஓரம் வெளுத்துப்போன புண்ணும் கண்ணில் பட்டது. அவள் குப்பியை எடுத்து உருட்டி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். உருட்டினால் பால்போலக் கலங்க வேண்டிய மருந்து கலங்கவில்லை. கண்ணாடியில் சுண்ணாம்புப் பொடிபோல வெள்ளை ஒட்டி நின்றது.

"இது செத்துப்போச்சு மாமா. பரண் சூட்டுலயே போயிருக்கும்."

"ஒன்னோடதுல கொஞ்சம்…"

"அது என் அளவு. ஒங்க அளவ டாக்டருதான் சொல்லணும். இன்னிக்கு மழையில மீன் வண்டி வராது, நாளைக்கு அதுல ஏறிப் போறீங்க. கால காட்டுறீங்க, புது மருந்து வாங்குறீங்க."

"அப்புடியே வூட்டுக்குப் போயிடவா?"

"எதுக்கு? டாக்டர் தண்ணியில எறங்கலாம்னு சொன்ன அன்னிக்கு வந்து எறங்குங்க. அதுவரைக்கும் கரையில குந்தி வலைய பாருங்க. பொட்டியில எடம் இருக்கு."

அரியமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மின்னிக்கொண்டிருந்த அந்த ஒற்றைக் கட்டத்தைப் பார்த்தார். "அது நாளைக்கு வரைக்கும் ஓடணும்ல" என்றார்.

"ஓட்டணும்."

மத்தியானம் போய் மூன்று மணி இருக்கும். மேற்கே மேகம் ஒரு முழம் அகலத்துக்குக் கிழிந்தது. வெயில் மணலில் பட்டையாக விழுந்தது, ஆனால் அவர்கள் தங்கியிருந்த கரையோரத்தில் அல்ல, நாற்பதடி தள்ளி. கலைமணி பேனலைத் தூக்க எழுவதற்குள் அரியமுத்து எழுந்துவிட்டார். ஈரத்துணி சுற்றிய காலை இழுத்துக்கொண்டே போய், பேனலை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து வெயிலுக்குள் நின்றார். "ஏறுதா?" என்று கத்தினார்.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுப் பலகையைப் பார்த்தாள். சின்ன அம்புக்குறி ஒன்று விழித்துக்கொண்டது. பெட்டி ஒருமுறை குலுங்கி உறுமத் தொடங்கியது. பதினொன்று பத்தானது.

"ஏறுது மாமா! அப்புடியே நில்லுங்க!"

அவரால் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. கிழிந்த மேகம் நகர்ந்தது, வெயிலும் நகர்ந்தது. மறுகரையிலிருந்து நிழல் மணல் மேல் ஊர்ந்து அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அரியமுத்து பேனலைத் தாழவிடாமல், வயர் எட்டுகிற மட்டும், நிழலுக்கு முன்னால் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று நகர்ந்துகொண்டே இருந்தார்.