முனகாத பேட்டரி

படகுத்துறையில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். பட்டம் சும்மா வந்துவிடவில்லை. அது குடிதண்ணீர் ஏரி. பெட்ரோல் எஞ்சின் ஓட்டினால் படகையே பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் எல்லாப் படகுகளிலும் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார்தான். தூண்டில் கயிறுகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து மீன் பிடிக்க அதுவே போதும். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கரை திரும்புவார்கள். இவர் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுத் திரும்புவார். பேட்டரி பாதி இறங்கியதும் சத்தமும் ஒரு நூல் இறங்குமாம். "மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு" என்று படகைத் திருப்பிவிடுவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நடு ஏரியில் நின்றதில்லை.

அப்பேர்ப்பட்ட காது தன் வயிறு போட்ட கூச்சலைக் கேட்காமலா இருந்திருக்கும்? கேட்டது. சொல்லவில்லை, அவ்வளவுதான். அடிவயிற்றில் குடல் பிதுங்கி எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி தள்ளிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி கண்டுபிடித்துக் கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்ல, வாயு" என்று இரண்டு வருஷம் ஓட்டினார். ஒவ்வொன்றும் இருபத்தெட்டு கிலோ, இரண்டு ஆசிட் பேட்டரி. காலையில் சார்ஜ் ஏற்றி வீட்டிலிருந்து துறைக்கு, சாயங்காலம் துறையிலிருந்து வீட்டுக்கு அவரேதான் சுமப்பார். ஒரு நாள் வாசற்படியில் பேட்டரியும் கையுமாகச் சுருண்டு விழுந்தார். விழுகிற நிமிஷம் வரைக்கும் மனுஷன் நேராகத்தான் நடந்து வந்தார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு மாசம் கழிச்சுப் படகுல போங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா கனம் தூக்கக் கூடாது. துடுப்பு வலிக்கக் கூடாது. இன்னொரு தடவ பிதுங்குச்சுன்னா படகை மறந்துட வேண்டியதுதான்."

படகை மறந்தால் அந்த மனுஷன் என்ன செய்வார்? வீட்டில் இருந்த அந்த இரண்டு மாதத்தில் சுவர்க் கடிகாரத்தை மூன்று தடவை கழற்றி மாட்டினார். ஜன்னல் பக்கமே நாற்காலியைப் போட்டு ஏரி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டிக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

அவள் பம்ப் மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பி சுற்றுகிறவள். பதினைந்து வருஷமாக வைண்டிங்காரம்மா என்றால்தான் அங்கே தெரியும். கரண்டு விஷயத்தில் யாரும் அவளுக்குக் காது குத்த முடியாது. லித்தியம் பேட்டரிக்கு மாற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பதினோரு கிலோதான் ஒன்று. கைக்கொன்றாக அவளே துறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று அவர் ஒரு பேட்டரியை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உள்ள ஏதாவது வச்சிருக்கானா, இல்ல வெறும் டப்பாவா?"

"பழச விட ரெண்டு மடங்கு ஓடும். வச்சிட்டு வாங்க, கனம் தூக்காதீங்க."

முதல் நாள் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போய்வந்தவர் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். "நல்லாத்தான் ஓடுது. ஆனா ஆரம்பத்துல எந்தச் சத்தமோ கடைசி வரைக்கும் அதே சத்தம். இது எப்ப களைச்சுப் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே."

"உங்களுக்குப் பேட்டரியும் பொண்டாட்டி மாதிரி முனகிக்கிட்டே இருக்கணும்" என்றாள் அவள். "முனகலன்னா சந்தேகம்."

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "பழசையே போட்டுக்கறேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். அவளுக்குப் பகீரென்றது. நாளைக் காலையில் மறுபடியும் இருபத்தெட்டு கிலோ.

படகில் பழைய மீட்டர் ஒன்று இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. என்றோ அவள்தான் மாட்டினாள். அவர் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. "ஏங்க, அந்த மீட்டரைப் பாருங்க, போதும்" என்றாள். "பச்சை எரியற வரைக்கும் ஓட்டுங்க. மஞ்சள் வந்தா திரும்புங்க. இதுக்குக் காது எதுக்கு?"

இங்கேதான் அவள் செய்த காரியம் இருக்கிறது. பேட்டரி கடைக்காரர் விற்கும்போதே சொல்லியிருந்தார்: "பழைய மீட்டரைக் கழட்டிடுங்கம்மா. அது ஆசிட் பேட்டரிக்குக் கணக்குப் பண்ணது. லித்தியத்துல வோல்ட் கடைசி வரைக்கும் இறங்காது. உயிர் போற நிமிஷம் வரைக்கும் பச்சைதான் காட்டும். வேற மீட்டர் இருக்கு, எவ்வளவு செலவாச்சுன்னு எண்ணிக் காட்டும். ஸ்டாக் வந்ததும் தரேன்." அவளுக்கு அது புரியாத பாஷையா? நன்றாகவே புரிந்தது. ஆனால் மீட்டரைக் கழற்றினால், சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை என்று அவர் பழைய பேட்டரிக்கே போய்விடுவார். புது மீட்டர் வரும் வரைக்கும்தானே, எப்படியும் கரையோரமாகத்தானே சுற்றுகிறார், என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். பழைய பேட்டரி இரண்டையும் அன்றைக்கே கொழுந்தன் படகுக்குத் தள்ளிவிட்டாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று வாரம் போய்விட்டது. பட்டறையில் வேலை மலைபோல் குவிந்து கிடந்தது என்பது நிஜம்தான். ஆனால் கடை பட்டறையிலிருந்து ஐந்து நிமிஷ நடை என்பதும் நிஜம்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை, செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார். "இன்னிக்குக் கோபுரத்தைத் தாண்டிப் போலாம்னு பாக்கறேன். மூணு வாரமா மஞ்சளே வரல. பச்சை எரிஞ்சா பயமில்லதானே?"

கோபுரம் என்பது ஏரியின் நடுவில் தண்ணீர் இறைக்கும் கட்டடம். அதற்கு அப்பால் முங்கிப்போன மரங்கள் இருக்கும் பகுதி. ஆசிட் பேட்டரியை நம்பி அவர் அங்கே போனதே கிடையாது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பழைய களை இருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"பயமே இல்ல" என்றாள்.

பதினொன்றரை மணிக்குப் பேட்டரி கடைக்காரர் ஒரு எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "அந்த மீட்டர் வந்து ரெண்டு வாரமா உங்க பேர்ல அலமாரியில கெடக்குதேம்மா. பழசைக் கழட்டிட்டீங்கதானே?"

அவள் கையிலிருந்த கம்பி நின்றது. வெளியே தகரக் கூரை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காலையில் இந்தக் காற்று இல்லை. போனைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள். சுற்றிய கம்பியைப் பாதியில் விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், துறைக்கு ஓடினாள்.

காற்றுக்குப் பயந்து எல்லாப் படகுகளும் கரைக்கு வந்திருந்தன. ஒன்றைத் தவிர.

"வந்துடுவாரு அண்ணி" என்றான் கொழுந்தன். "அண்ணனுக்குத் தெரியாத ஏரியா?"

"வர மாட்டாரு தம்பி. படகை எடு."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் கயிற்றை அவிழ்த்தான். அவளும் ஏறிக்கொண்டாள். எதிர்க்காற்று, அலை வந்து முகத்தில் அறைந்தது. இடுப்புக்குக் கீழே நனைந்துவிட்டாள். கோபுரத்துக்கு இன்னும் கால்வாசித் தூரம் இருக்கும்போது மோட்டாரின் சத்தம் மாறியது. பெரிதாக ஒன்றுமில்லை, மூக்கடைத்த மாதிரி ஒரு சின்னக் கம்மல். இத்தனை வருஷம் அவர் சொல்லக் கேட்டுக் கிண்டல் பண்ணியிருக்கிறாளே தவிர, அந்தச் சத்தத்தை அவள் கேட்டது அன்றுதான்.

"அண்ணி, மூச்சு வாங்குது. இதுக்கு மேல போனா திரும்பறதுக்குப் பத்தாது."

"வரும்போது நான் துடுப்பு போடறேன். நீ போ."

கோபுரத்தைச் சுற்றியதும் படகு தெரிந்தது. அவர் தனியாக உட்கார்ந்து துடுப்பு வலித்துக்கொண்டிருந்தார். காற்று அவரை, அவருக்கும் கோபுரத்துக்கும் நடுவில் நின்ற முங்கிய மரங்கள் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கிளை குத்தினால் படகு கவிழ்ந்துவிடும். அதனால் அவரால் விடவும் முடியவில்லை, முன்னேறவும் முடியவில்லை. அதே இடத்தில் நிற்பதற்காக வலித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று கொழுந்தன் கத்திக் கேட்டதற்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும் என்றார். குரல் எப்போதும் போல்தான் இருந்தது.

மரங்களைச் சுற்றிப் போய்க் கயிற்றை வீசிக் கட்டினார்கள். அவள் அந்தப் படகுக்குத் தாவி, துடுப்பை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். விரல்கள் மரத்துப்போய், கட்டையைப் பிடித்த வாக்கிலேயே வளைந்திருந்தன. மீட்டரில் எந்த விளக்கும் இல்லை.

"பச்சைதான் எரிஞ்சுது" என்றார் அவர். "ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சட்டுனு விளக்கும் செத்துடுச்சு, மோட்டாரும் செத்துடுச்சு." வளைந்த விரலால் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். "நடுவுல மஞ்சள் வந்திருக்கும். நான்தான் கவனிக்காம விட்டிருப்பேன். விளக்குப் பாத்துப் பழக்கமில்லல்ல எனக்கு. நீ அவ்வளவு தெளிவா சொல்லி அனுப்பியும்..."

அவளுக்கு அங்கேயே தண்ணீரில் விழுந்துவிடலாம் போல இருந்தது. துடுப்பை வலித்தாள். பாதி வழியில் முன்னால் போன மோட்டாரும் ஈனஸ்வரத்தில் முனகி ஓய்ந்தது. பிறகு கொழுந்தன் ஒரு படகில், அவள் ஒரு படகில். நல்லவேளை, திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

துறையில் படகைக் கட்டிவிட்டுக் கொழுந்தன் டீ வாங்கப் போனான். அவள் கரையில் இறங்கி நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மஞ்சள் வரவே இல்ல. நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க. அந்த மீட்டர் இந்தப் பேட்டரிக்குப் பொய்தான் சொல்லும். எனக்கு அது முதல்லேயே தெரியும்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"காலையில கேட்டேனே" என்றார்.

"கேட்டீங்க."

"பயமே இல்லன்னு சொன்னியே."

"சொன்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். நாலு பேர் முன்னால் திட்டினாலும் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. பேட்டரியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கப் போனார், பழக்கதோஷம்.

"வைங்க. நான் தூக்கறேன்."

"இதென்ன கனமா. பதினோரு கிலோதானே" என்று குனிந்தவர், பாதியிலேயே கைப்பிடியை விட்டுவிட்டு, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். ஏதோ செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

அந்த முகத்தை அவள் இரண்டு வருஷம் பார்த்திருக்கிறாள்.

படகுக்குள் ஏறி அவர் எதிரே மண்டி போட்டாள். துறையில் ஆள் இருக்கிறது, பார்க்கிறார்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. நனைந்த சட்டையை விலக்கி, தையல் தழும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கொப்புளம் எரிந்தது. கைக்கு அடியில், பழைய இடத்திலேயே, எலுமிச்சம்பழம் அளவுக்கு அது இருந்தது.

அவர் அவள் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார். "வாயு."