நடுவழியில் நின்ற பேருந்து

மாமியாரின் சிறுநீரகம் அவன் வயிற்றுக்குள் குடிவந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். ரத்தக் கொதிப்பு சத்தமே போடாமல் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்று தீர்த்திருந்தது. கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவினார்கள். மனைவி கொடுக்கத் தயாராக இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை இருந்ததால் டாக்டர்கள் ஒப்பவில்லை. கடைசியில் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தவர் மாமியார்தான்.

"கூச்சப்படாதீங்க மாப்பிள்ளை. உங்களுக்காக இல்ல, என் பொண்ணுக்காகத்தான் கொடுக்கிறேன்" என்றார். அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று அவனுடைய தழும்பை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் தைச்சிருந்தா இன்னும் நேரா இருந்திருக்கும்" என்று குறையும் சொன்னார்.

டாக்டரம்மா சொன்னதை எல்லாம் அவன் தட்டாமல் கடைப்பிடித்தான். காலையும் இரவும் போன் மணி அடித்ததும் மாத்திரை. வண்டியில் ஏறும்போது முகக்கவசம். தலைவலி என்றால்கூட கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதில்லை. லேசாக உடம்பு சுட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிடுவான். ஒன்றே ஒன்றில்தான் கோட்டை விட்டான். தண்ணீர்.

ஓட்டுநர்களுக்குத் தண்ணீர் என்றாலே பயம். குடித்தால் போக வேண்டும்; போவதற்கு எங்கே இடம்? அறுவைக்கு முன்பே நாள் முழுக்க ஒரு மடக்குத் தண்ணீரில் வண்டி ஓட்டிய ஆள் அவன். டிப்போவில் அவனுக்கு 'ஒட்டகம்' என்றே பெயர். வேலைக்குத் திரும்பியதும் புதிய தடம் கொடுத்தார்கள். அதன் கடைசி நிறுத்தத்தில் ஒரு கழிப்பறை இருந்தது. கதவில் பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

மனைவி தினமும் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் கொடுத்தனுப்புவாள். அவன் வாயை நனைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடைசி நிறுத்தத்து மரத்தடியில் கொட்டிவிட்டு, காலிப் பாட்டிலோடு வீடு திரும்புவான். அவள் மனம் குளிர்ந்துபோவாள்.

அந்த மாத ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்தது.

"தண்ணி ஒழுங்கா குடிக்கிறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அவன் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "பாட்டில் தினமும் காலியாத்தான் வருது டாக்டர்."

அவன் தலையை ஆட்டினான். அந்த ஓர் ஆட்டல்தான் வினையாகிப்போனது.

"அப்படின்னா உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏத்துக்க மறுக்குதோ என்னவோ. ஊசி விட்டு துளி சதை எடுத்துப் பார்த்திடலாம்" என்று நாள் குறித்தார்.

மாமியாருக்குத் தையலில் கை ஓடவில்லை. மறுநாள் அவன் ஓட்டும் பேருந்திலேயே ஏறி, அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"எங்கே போறீங்க அத்தை?"

"எங்கேயும் இல்ல. நீங்க ரோட்டைப் பாருங்க."

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். மாமியார் ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவன் பாட்டிலை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். பாதி கொட்டியிருப்பான்.

"மாப்பிள்ளை," என்றது பின்னாலிருந்து குரல். "நான் கிட்னி கொடுத்தது உங்களுக்கு. இந்த மரத்துக்கு இல்ல."

அவன் கழிப்பறையின் பூட்டிய கதவைக் கை காட்டினான். மாமியார் அதனருகே போய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்தார். துருப் பிடித்திருந்தது. திரும்பி வந்தபோது கோபம் முகத்தை விட்டு இறங்கியிருந்தது.

"இதை வீட்டுல சொல்றதுக்கு என்ன?"

"வெட்கமா இருந்தது அத்தை. இவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்கீங்க. போய் நின்னு, எனக்கு ஒன்னுக்குப் போக இடம் இல்லன்னு சொல்லணுமா?"

"சொல்லணும்" என்றார் மாமியார். "முதல்ல இதைக் குடிங்க."

மீதிப் பாட்டிலை அவர் கண்ணெதிரே குடித்து முடித்தான். கையோடு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு உண்மையைக் கொட்டினான். அவர் திட்டவில்லை. "நல்லா குடிங்க. ஊசிக்கு முன்னாடி இன்னொரு தடவை ரத்தம் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் பாதி தூரம்கூடத் தாண்டவில்லை. குடித்த தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. பேருந்து நிறைய ஆள். சிக்னலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கண்ணாடியில் மாமியாரைப் பார்த்தான். அவர் வேண்டுமென்றே வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, எழுந்து திரும்பி நின்றான்.

"எல்லாரும் மன்னிக்கணும். எனக்குக் கிட்னி மாத்தியிருக்கு. அடக்கக் கூடாது. சட்டுனு போயிட்டு வந்துடறேன்."

"எங்களுக்கு ஆபீஸுக்கு லேட் ஆகுதுல்ல?" என்று ஒருவர் முனகினார்.

"அவர் வண்டியிலேயே போனா உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று ஒரு பெண் கேட்டதும் பேருந்து முழுக்கச் சிரிப்பு. பின் இருக்கைப் பெரியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "டிரைவர் தம்பி, நில்லுங்க, நானும் வரேன்." அவர் பின்னால் இன்னும் சிலர் இறங்கினார்கள். முனகியவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

வீட்டில்தான் பூகம்பம். பாட்டில் விஷயம் தெரிந்ததும் மனைவி அவனோடு பேச்சையே நிறுத்தினாள். தண்ணீர் மட்டும் தவறாமல் வந்தது, டம்ளர் மேஜையில் 'ணங்'கென்று இறங்கும் சத்தத்தோடு. அடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"இனிமே பொய் சொன்னா, நானும் அம்மாவும் சேர்ந்து தினம் உங்க வண்டியில ஏறிடுவோம்."

"ஐயோ, ஒருத்தரே தாங்கலை" என்றான் அவன். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் டிப்போ மேலாளரின் அறைக்குப் போனான். அறுவை பற்றி அவரிடம் அதுவரை பட்டும் படாமலும்தான் சொல்லியிருந்தான். இந்த முறை ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொல்லி, அந்தக் கதவைத் திறந்துவிடச் சொன்னான். மேலாளர் பேனாவை உருட்டினார்.

"இத்தனை வருஷமா யாருமே கேட்கலையேப்பா" என்றார்.

"எல்லாரும் அடக்கிக்கிட்டு இருந்திருக்கோம் சார்."

அந்த வாரமே பூட்டை உடைத்து, குழாய் மாற்றி, விளக்குப் போட்டார்கள். திறந்த அன்று அவன் வண்டியை நிறுத்திவிட்டுப் பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்தபடி நடந்தான். வாசலில் அவனுக்கு முன்பே மூன்று ஓட்டுநர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்.