பெயின்ட் அடிக்காத ஒரு சாண்

திருமூர்த்திக்கு அந்தப் பேடியோவின் மேல் அப்படி ஒரு கர்வம். அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் வீடு வாங்கிய வருஷம், பதினோரு வாரக்கடைசிகளைக் காவு கொடுத்து, கொல்லைப்புறத்தில் தானே மரத்தூண் நட்டு உத்தரம் ஏற்றிப் பந்தல் மாதிரி கட்டியது. பெயின்ட் அடிக்கச் சொன்னவர்களை ஏற இறங்கப் பார்த்தான். உடுமலைப்பேட்டையில் அவன் அப்பா மர டிப்போ வைத்திருந்தவர். நல்ல மரத்துக்குப் பெயின்ட் அடிப்பது பிரியாணியில் கெச்சப் ஊற்றுகிற வேலை என்பது அவன் கட்சி.

1998 ஏப்ரலில் வண்டுகள் வந்து சேர்ந்தன. கட்டைவிரல் பருமன், கன்னங்கரேலென்று நிறம். அதில் ஒன்று, முகத்தில் வெள்ளைப் பொட்டோடு, அவன் காபியுடன் வெளியே வந்தால் போதும், மூக்குக்கு நேரே அந்தரத்தில் நின்று முறைக்கும். அவன் இடது பக்கம் நகர்ந்தால் அதுவும் நகரும். ஆபீஸில் பதினெட்டுப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவன், லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினான். பயமெல்லாம் இல்லை. போன் அடித்த மாதிரி இருந்ததாம்.

நான்காம் நாள் உத்தரத்தில் ஒரு ஓட்டை. காம்பஸ் வைத்து வரைந்தாலும் அவ்வளவு வட்டம் வராது. கீழே நாற்காலியெல்லாம் மரத்தூள். அன்றைக்கென்று பார்த்து, பக்கத்துத் தெரு நாகலக்ஷ்மி ஆன்ட்டி வற்றல் கொடுக்க வந்திருந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"குளவி கூடு வெச்சிருக்கு, எழில். யாரும் கை வெச்சுடாதீங்க. இந்த வருஷமே உங்க வீட்ல தொட்டில் ஆடும்."

திருமூர்த்திக்கும் எழிலரசிக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம். டாக்டர், டெஸ்ட், மறுபடி டாக்டர் என்று அலைந்து ஓய்ந்திருந்தார்கள். சர்க்யூட் போர்டில் தப்புக் கண்டுபிடிப்பது எழிலுக்கு உத்தியோகம், ராகுகாலம்கூடப் பார்க்காதவள். அவள் அன்றைக்கு உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த திருமூர்த்திக்கு, இது குளவி இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை.

குளவி மண்ணால் கூடு கட்டும், மரத்தைத் துளைக்காது என்று மர டிப்போக்காரர் மகனுக்கா தெரியாது? இருந்தாலும் ஹார்ட்வேர் கடைக்காரரிடம் போய்க் கேட்டான். அவர் சிரித்தார். மூஞ்சிக்கு நேரே நின்று மிரட்டுவது ஆண் வண்டாம். அதற்குக் கொடுக்கே கிடையாது, வெறும் உதார். கொடுக்கு உள்ளது சத்தமில்லாமல் துளைக்கிற பெண்ணுக்குத்தான். அதுவும் கையில் பிடித்தால்தான் கொட்டும். பெயின்ட் படாத மரமென்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஓட்டையில் பூச்சிமருந்துப் பவுடர் ஊதி, சில நாள் விட்டு அடைத்து, பெயின்ட் அடித்தால் தீர்ந்தது.

பவுடர் வாங்கியும் வந்துவிட்டான். ஆனால் அதை எழிலின் கண்ணெதிரே எப்படி ஊதுவது? டப்பா கார் டிக்கியிலேயே கிடந்தது. மறுநாள் வெள்ளைப் பொட்டுக்காரன் வந்து நின்றபோது, கொடுக்கு இல்லையென்று இவன் அறிவுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை, ஓடிவிட்டது. மே, ஜூன், ஜூலை போயின. ஓட்டை ஏழாயிற்று. காபியில் விழுந்த தூளை ஊதிவிட்டுக் குடித்தான். வந்தவர்கள் கேட்டால் டிசைன் என்றான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீரியல் லைட் மாட்ட ஏணியில் ஏறி உத்தரத்தைப் பிடித்தான். ஓரம் பிஸ்கட் மாதிரி கையோடு வந்துவிட்டது. துண்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். எழில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இது குளவி இல்லைங்க. எனக்கு மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"தெனமும் தூளை ஊதி ஊதிக் காபி குடிச்சீங்களே. நம்பிட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். சொல்ல மனசு வரல."

திருமூர்த்தி எழுந்துபோய் டிக்கியிலிருந்த பவுடர் டப்பாவைப் பில்லோடு கொண்டுவந்து கொடுத்தான். அவள் பில்லில் தேதியைப் பார்த்தாள். ஏப்ரல் இருபத்தேழு. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது எழிலின் கண் ஈரமாக இருந்தது. அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மரத்தூள் என்றான்.

பவுடர் ஊதி, ஓட்டைகளை அடைத்து, உத்தரத்தை மாற்றி, செப்டம்பரில் பல்லைக் கடித்துக்கொண்டு பெயின்ட் அடிக்கத் தொடங்கினான். மூன்றாவது தூணின் பின்பக்கம் வந்ததும் பிரஷ் நின்றுவிட்டது. ஈர மண்ணை உருட்டி உருட்டிப் பூசி, கூடு கட்டிக்கொண்டிருந்தது ஒரு குளவி. சந்தேகமே இல்லை, அசல் குளவி.

எழில் வந்து பார்த்தாள். அவன் கூட்டுக்கு மேலே அடித்தான். அவள் கீழே அடித்தாள்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர், அங்கே மட்டும் ஒரு சாண் விட்டுப்போயிற்றே என்று கேட்டார். பெயின்ட் தீர்ந்துவிட்டது என்றார்கள் இருவரும், ஒரே குரலில். ஷெட்டில் இரண்டு டப்பா பிரிக்காமலே இருந்தது.